வளர்ப்புப் பிள்ளையும் வீட்டு அல்பமும்

என் தங்கை நான்காம் ஆண்டில் படித்தபோது 'நானும் என் குடும்பமும்' என்று ஒரு செயற்றிட்டம் கொடுத்தார்கள். முதற்பக்கத்தில் மாணவியின் குழந்தைப் பருவப் படம் ஒன்றை ஒட்டி வரவேண்டும். அன்றிரவு அவள் அலுமாரியில் இருந்த அல்பங்களையெல்லாம் இறக்கிவைத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். என் படம் இருந்தது. நானாவின் படமும் இருந்தது. அவளுடைய படங்கள் மட்டும் நாலு வயதிலிருந்துதான் தொடங்கின.

"ராத்தா, என்ட சின்னப்பிள்ளைப் படம் எங்க?" என்று என்னிடம் கேட்டாள்.

அவள் எங்கள் வீட்டுக்கு வந்ததே நாலு வயதில்தான். பெற்றோர் இருவரும் மௌத்தாகிவிட்டதால், உம்மாவின் தூரத்து உறவினர் வீட்டில் இருந்தவளை உம்மாவும் வாப்பாவும் அழைத்து வந்தார்கள். இது அவளுக்குத் தெரியாத விடயம் அல்ல. ஆனாலும் அல்பத்தில் அந்த இடம் காலியாக இருப்பதை அன்றுதான் அவள் கண்டாள்.

அப்போது வீட்டுக்கு வந்திருந்த சாச்சி ஒரு வழி சொன்னார். "மூத்தவள்ட படத்த ஒட்டிக் குடுங்க. சின்னதில எல்லா முகமும் ஒண்டுதான். ஆருக்குத் தெரியப்போகுது?"

சாச்சி அன்பினால்தான் அப்படிச் சொன்னார். ஆனால் வாப்பா சம்மதிக்கவில்லை. தங்கையைப் பக்கத்தில் இருத்தி, "எனக்கும் சின்னப்பிள்ளைப் படம் இல்ல, மகள். உம்மம்மாட கல்யாணப் படமும் இல்ல. அதுக்காக நாங்க வேற ஆக்கள்ட படத்த ஒட்டினமா?" என்று கேட்டார்.

இந்த வருடம் உயர்தரத்தில் தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் என்ற பாடத்தைப் படிக்கும்போது அந்த இரவுதான் அடிக்கடி ஞாபகத்துக்கு வந்தது. வளர்ப்புப் பிள்ளை இருக்கும் வீட்டில் படம் எதற்காக எடுக்கிறோம், எப்படி எடுக்க வேண்டும், யாருக்குக் காட்டலாம் என்று தேடிப் படித்ததன் பயனே இக்கட்டுரை. தங்கையின் அனுமதியோடுதான் எழுதுகிறேன். "என்ட பேரப் போடவேணாம்" என்பது மட்டுமே அவள் விதித்த நிபந்தனை.

படமில்லாத ஓர் ஊர்

வாப்பா சொன்னது எங்கள் வீட்டுக் கதை மட்டுமல்ல. 1990 ஒக்டோபர் மாதக் கடைசியில் வடமாகாணத்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். அவ்வாறு இடம்பெயர்ந்தவர்கள் ஏறத்தாழ 75,000 பேர் எனப்படுகிறது. மன்னார்த் தீவிலிருந்து பலர் வள்ளங்களில் கற்பிட்டிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். கையில் எடுக்க முடிந்தது சில பைகள் மட்டுமே. பிள்ளையைத் தூக்குவதா, அல்பத்தைத் தூக்குவதா என்று யோசிக்க அப்போது யாருக்கும் நேரம் இருக்கவில்லை.

உம்மம்மாவின் கல்யாண அல்பம் தாராபுரத்து வீட்டில் மரப்பெட்டிக்குள் இருந்தது. பல வருடங்களுக்குப் பின் வந்து பார்த்தபோது பெட்டியும் இல்லை, கூரையும் இல்லை. தாராபுரத்திலும் எருக்கலம்பிட்டியிலும் இன்று நாற்பது வயதைக் கடந்தவர்களிடம் சிறுவயதுப் படத்தைக் கேட்டுப் பாருங்கள். பலரிடம் இருக்காது. எங்கள் ஊரில் அந்தக் குறை வளர்ப்புப் பிள்ளைக்கு மட்டும் உரியதல்ல. இது தெரிந்ததும் தங்கையின் முகம் தெளிந்ததை நான் கண்டேன்.

அந்தச் செயற்றிட்டத்தின் முதற்பக்கத்தில் அவள் படத்தை ஒட்டவில்லை. கட்டம் ஒன்றைக் கீறி, அதற்குள் தான் பிறந்த ஊரையும் தன்னைப் பெற்ற உம்மா, வாப்பாவின் பெயர்களையும் எழுதினாள். அடுத்த பக்கத்தில் எங்களோடு எடுத்த முதற்படத்தை ஒட்டினாள்.

மார்க்கம் காட்டும் வழி

வளர்ப்புப் பிள்ளை பற்றி எங்கள் மார்க்கத்தில் தெளிவான வழிகாட்டல் உண்டு. ஸைத் பின் ஹாரிஸா (ரழி) அவர்கள் சிறுவயதில் கடத்தப்பட்டு அடிமையாக விற்கப்பட்டவர். கதீஜா (ரழி) அவர்களிடம் வந்து சேர்ந்து, பின் நபி (ஸல்) அவர்களின் வீட்டில் வளர்ந்தார். அவருடைய கோத்திரத்தார் மக்காவுக்கு வந்தபோது அவரை அடையாளம் கண்டு தந்தையிடம் சொன்னார்கள். மகனைத் தேடி அழுதுகொண்டிருந்த தந்தை ஹாரிஸா, மீட்புப் பணத்துடன் ஓடிவந்தார். போவதா இருப்பதா என்ற தெரிவை நபியவர்கள் ஸைதிடமே விட்டார்கள். அவர் நபியவர்களோடு இருப்பதையே விரும்பினார். அதன் பின் அவர் 'முஹம்மதின் மகன் ஸைத்' என்று அழைக்கப்பட்டார்.

பிற்காலத்தில் ஸூரதுல் அஹ்ஸாபின் 4ஆம், 5ஆம் வசனங்கள் இறங்கின. வளர்ப்புப் பிள்ளைகளை அவர்களுடைய சொந்தத் தந்தையரின் பெயராலேயே அழைக்க வேண்டும், அதுவே நீதியானது என்று அவை கட்டளையிட்டன. ஸைத் மீண்டும் ஹாரிஸாவின் மகனானார். ஆனால் நபியவர்களின் அன்பில் எதுவும் குறையவில்லை. ஸஹாபாக்களுள் அல்குர்ஆனில் பெயர் குறிப்பிடப்பட்ட ஒரே ஒருவரும் அவர்தான். அநாதையைப் பொறுப்பேற்பவர் சுவர்க்கத்தில் தம்மோடு எவ்வளவு நெருக்கமாக இருப்பார் என்பதை நபியவர்கள் இரு விரல்களைச் சேர்த்துக் காட்டினார்கள் என்பதும் நாமெல்லோரும் அறிந்த ஹதீஸ்.

ஆகவே வளர்ப்பதில் ஒரு குறையும் வைக்கக்கூடாது. அதேவேளை பிள்ளையின் வேரையும் மறைக்கக்கூடாது. சாச்சி சொன்ன யோசனையில் இருந்த பிழை இதுதான். என் படத்தை ஒட்டியிருந்தால் தங்கைக்கு ஒரு படம் கிடைத்திருக்கும். அவளைப் பெற்ற தாய் அந்தப் பக்கத்திலிருந்து அழிந்துபோயிருப்பார்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். உருவப்படம் எடுப்பது குறித்து உலமாக்களிடையே வேறுபட்ட கருத்துகள் இருக்கின்றன. முகத்தைப் படமெடுப்பதைத் தவிர்க்கும் குடும்பங்களும் நம்மிடையே உண்டு. அவர்களும் பிள்ளையின் நினைவுகளைக் காக்கலாம். வந்த நாளில் உடுத்திருந்த சட்டை, முதற் செருப்பு, மத்ரஸாவில் எழுதிய முதற் கொப்பி ஆகியவற்றைத் திகதி எழுதி வைத்தாலே போதும்.

துணித்துண்டும் பொய்யான படமும்

1741இல் இலண்டனில் கைவிடப்பட்ட குழந்தைகளுக்காக ஓர் இல்லம் திறக்கப்பட்டது. தோமஸ் கோரம் என்ற கப்பல் தலைவரின் பல வருட முயற்சி அது. வறுமையால் பிள்ளையை ஒப்படைக்க வந்த தாய்மார், என்றாவது ஒருநாள் திரும்பி வந்தால் அடையாளம் காட்டுவதற்காக ஒரு துணித்துண்டையோ நாணயத்தையோ விட்டுச் சென்றார்கள். அவை பதிவுத் தாள்களோடு சேர்த்து வைக்கப்பட்டன. ஆயிரக்கணக்கான துணித்துண்டுகள் இன்றும் இருக்கின்றன. ஆனால் பிள்ளைகளுக்குப் புதுப்பெயர் வைக்கப்பட்டது. அந்தத் துணித்துண்டு அவர்கள் கையில் கொடுக்கப்படவில்லை. அடையாளம் பத்திரமாக இருந்தும் உரியவருக்குப் பயன்படாமல் போனது.

எங்கள் நாட்டில் நடந்தது இதைவிடக் கசப்பானது. 1970களிலும் 1980களிலும் சுமார் 11,000 இலங்கைக் குழந்தைகள் ஐரோப்பிய நாடுகளுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டதாகக் கூறப்படுகிறது. அவர்களில் பலர் வளர்ந்தபின் ஒரு பழைய படத்தையும் சில பத்திரங்களையும் கொண்டு இலங்கைக்கு வந்து தாயைத் தேடினார்கள். சிலருக்குப் பத்திரங்களே பொய்யாக இருந்தன. வேறொரு பெண் பணத்துக்காகத் தாயாக நடித்திருந்தார். 2017இல் நெதர்லாந்துத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்று இதை வெளிப்படுத்தியபோது உலகமே பேசியது. இத்தனை வருடங்கள் நெஞ்சோடு வைத்திருந்த படத்தில் நிற்பவர் தன் தாயல்ல என்று அறிவது எத்தகைய வேதனை! படம் இல்லாதிருப்பதைவிடப் பொய்யான படம் கொடியது என்பதை இதைப் படித்தபோது உணர்ந்தேன்.

உதவி பெறும் படம்

தங்கைக்கு பதினொரு வயதானபோது இன்னொரு விடயம் நடந்தது. வகுப்புத் தோழி ஒருத்தி வீட்டுத் தொலைபேசியில் முகநூலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு பழைய படம் வந்தது. எங்கள் வீட்டுக்கு வரமுன் எடுத்தது. நீளமான பெனருக்கு முன்னால் பிள்ளைகள் வரிசையாக நிற்கிறார்கள். பெரியவர்கள் சிரித்தபடி பைகளைக் கொடுக்கிறார்கள். என் தங்கை முன்வரிசையில் நின்றாள். கீழே 'அநாதைச் சிறுமிகள்' என்று எழுதியிருந்தது.

இத்தனை நாளாகத் தேடியும் கிடைக்காத சின்னவயதுப் படம் இப்படித்தான் அவள் கையில் வந்தது. பை வாங்கியதற்காக அவள் அழவில்லை. "அதில என்ட பேர் இல்ல ராத்தா" என்றுதான் அழுதாள்.

உதவியவர்களின் நோக்கம் நல்லதாகவே இருந்திருக்கும். ஆனால் தர்மத்தை மறைவாகக் கொடுப்பது சிறந்தது என்றும், சொல்லிக் காட்டி நோவினை செய்து அதைப் பாழாக்க வேண்டாம் என்றும் ஸூரதுல் பகராவில் நாம் ஓதுகிறோம். கொடுத்ததற்குக் கணக்குக் காட்ட வேண்டுமானால் பைகளைப் படமெடுக்கலாம்; பிள்ளைகளின் முகம் எதற்கு?

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் கல்முனையில் உயிரோடு கண்டெடுக்கப்பட்ட கைக்குழந்தையின் கதையை எல்லோரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். வைத்தியசாலையில் சேர்க்கப்பட்ட 81ஆவது நோயாளி என்பதால் 'குழந்தை 81' என்று உலகம் அழைத்தது. அந்தப் பிள்ளையின் படம் எல்லா நாட்டுப் பத்திரிகைகளிலும் வந்தது. ஆனால் பெற்றோர் யார் என்பதை எந்தப் படமும் தீர்த்துவைக்கவில்லை. மரபணுப் பரிசோதனையின் பின்னர் 2005 பெப்ரவரியில்தான் பிள்ளை பெற்றோரிடம் கொடுக்கப்பட்டது. பிள்ளை வளர்ந்து பாடசாலைக்குப் போன பிறகும் சுனாமிப் பிள்ளை என்ற பெயர் விடவில்லை. ஒரு படத்தின் கீழ் நாம் எழுதும் இரண்டு சொற்கள் ஒருவரின் வாழ்க்கை முழுதும் கூடவே வரலாம்.

இதைச் சட்டத்தோடும் ஒப்பிட்டுப் பார்த்தேன். எங்கள் நாட்டில் பிள்ளையைச் சட்டப்படி தத்தெடுப்பது 1941ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் கீழ் நீதிமன்றத்தின் மூலமே நடக்கிறது. பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளையாயின் அந்தப் பிள்ளையின் சம்மதமும் வேண்டும். 1989இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்தில் 1991இல் இலங்கையும் இணைந்தது. பிள்ளையின் அடையாளத்தைக் காப்பது 8ஆம் உறுப்புரை. அந்தரங்கத்தைக் காப்பது 16ஆம் உறுப்புரை. யார் வீட்டில் வளர்வது என்பதற்கே பிள்ளையிடம் கேட்க வேண்டும் என்றால், படத்தை வட்ஸ்அப்பில் போடுவதற்குக் கேட்க வேண்டாமா?

வீட்டில் எடுக்கும் படம்

இனி என் அனுபவத்தில் கற்ற சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, அவசரப்படக்கூடாது. புதிதாக ஒரு வீட்டுக்கு வந்த பிள்ளைக்கு வீட்டு மனிதர்களே புதியவர்கள். தங்கை வந்த புதிதில் யாராவது தொலைபேசியைத் தூக்கினாலே கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள். அதனால் பல நாட்கள் நாங்கள் படமே எடுக்கவில்லை. எங்கள் அல்பத்தில் உள்ள அவளுடைய முதற்படத்தில் முகம் இல்லை. கோழிக்குத் தீன் போடுகிறாள், முதுகுதான் தெரிகிறது. செயற்றிட்டத்தில் அவள் ஒட்டியது அதைத்தான்.

இரண்டாவது, பெருநாள் உடுப்போடு நிற்கவைத்து எடுப்பது மட்டும் போதாது. ஒரு பிள்ளை இந்த வீட்டைச் சேர்ந்தது என்பதை அன்றாட வேலைகள்தான் காட்டும். உம்மா எண்ணெய் வைத்துத் தலை பின்னுவது, மத்ரஸாவுக்குப் போக நானாவின் சைக்கிளில் ஏறுவது, நோன்புக் கஞ்சியைச் சிந்தாமல் தூக்கி வருவது, அவித்த பனங்கிழங்கை நார் உரித்துத் தின்பது, வேலிக்கு வெளியே நிற்கும் கழுதையைத் துரத்துவது ஆகியவற்றை எடுங்கள். கட்டளையிட்டுச் சிரிக்கவைத்த படத்தைவிட இவைதான் பிற்காலத்தில் பேசும்.

மூன்றாவது, இடமும் வெளிச்சமும். பிள்ளையின் கண்மட்டத்துக்கு நாமும் இறங்கி, நிலத்தில் இருந்து எடுக்க வேண்டும். மேலிருந்து எடுத்தால் பிள்ளை இன்னும் சிறியதாகத் தெரியும். மன்னாரின் மத்தியான வெயில் உச்சியில் நிற்கும்போது கண்ணுக்குக் கீழ் கறுப்பு நிழல் விழும். காலையிலும் அஸருக்குப் பின்னும் விறாந்தையில் விழும் மெல்லிய வெளிச்சம் நல்லது. வாசலுக்கு எதிராக நிற்பவரை எடுத்தால் முகம் இருண்டுவிடும். திரையில் முகத்தின்மீது விரலால் தொட்டால் கமெரா முகத்துக்கேற்ப வெளிச்சத்தைக் கூட்டும்.

நான்காவது, ஓரத்தில் நிறுத்தாதீர்கள். குடும்பப் படத்தில் வளர்ப்புப் பிள்ளை எங்கே நிற்கிறாள் என்பதைப் பார்ப்பவர்கள் கவனிக்கிறார்கள். அந்தப் பிள்ளை அதைவிடக் கூடுதலாகக் கவனிக்கிறாள். எங்கள் வீட்டில் இன்னொரு சிக்கலும் வந்தது. தங்கை பால்குடிப் பருவத்தில் வரவில்லை. ஆதலால் வயது வந்தபின் வாப்பாவுக்கும் நானாவுக்கும் முன்னால் அவள் முந்தானை போட்டுக்கொள்ள வேண்டும். உம்மாவும் நானும் வீட்டுக்குள் அப்படி இருப்பதில்லை. படத்தில் அவள் மட்டும் வேறாகத் தெரிந்தாள். உம்மா ஒன்றும் விளக்கவில்லை. அடுத்த பெருநாள் படத்துக்கு உம்மாவும் தலையை மூடிக்கொண்டு வந்து நின்றார். என்னையும் பார்த்தார். அன்றிலிருந்து எங்கள் வீட்டுப் படங்களில் மூவரும் ஒரே மாதிரித்தான்.

ஐந்தாவது, கமெராவைப் பிள்ளையிடமும் கொடுங்கள். தங்கை எடுத்த படங்களில் வாப்பாவின் கால், உம்மாவின் கை, அடைகாக்கும் கோழி எல்லாம் இருக்கின்றன. அவள் இந்த வீட்டில் எதைப் பார்க்கிறாள் என்பதை அவற்றிலிருந்து நாங்கள் அறிந்துகொண்டோம். எப்போதும் படமெடுப்பதனால் எந்தப் படத்திலும் இல்லாத நானும் அவள் தயவால் சிலவற்றில் இருக்கிறேன்.

காப்பதும் பகிர்வதும்

தொலைபேசியில் ஆயிரம் படங்கள் இருக்கலாம். அது கடலில் விழுந்தால் ஆயிரமும் போய்விடும். அல்பத்தைத் தொலைத்த ஊர்க்காரர்கள் நாங்கள் இதை மறக்கக்கூடாது. வருடத்துக்கு இருபது படங்களையாவது தெரிந்தெடுத்து ஸ்டூடியோவில் அச்சிடுங்கள். ஒரு பிரதியை வேறு ஊரில் உள்ள உறவினர் வீட்டில் வையுங்கள். வட்ஸ்அப்பில் அனுப்பும்போது படத்தின் தரம் குறைகிறது. எடுத்த திகதி போன்ற விபரங்களும் போய்விடுகின்றன. ஆகவே மூலப்படத்தைத் தனியாகச் சேமிக்க வேண்டும். அச்சிட்ட படத்தை வெயில் படும் சுவரிலும் ஈரமான இடத்திலும் வைத்தால் நிறம் மங்கிவிடும்.

படத்தின் பின்புறத்தில் திகதி, இடம், நிற்பவர்களின் பெயர், எடுத்தவரின் பெயர் ஆகியவற்றை எழுதுங்கள். குமிழ்முனைப் பேனாவால் அழுத்தி எழுதினால் முன்பக்கத்தில் தடம் விழும். மெதுவாக எழுத வேண்டும். பிள்ளையைப் பெற்றவர்களின் பெயர் தெரிந்தால் அதையும் அல்பத்தில் எழுதுங்கள். பெற்றவர்களின் உறவினரிடம் இருக்கும் படங்களைத் தாமதிக்காமல் கேட்டுப் பிரதி எடுங்கள். பெரியவர்கள் மௌத்தாகிவிட்டால் பெயர் சொல்ல ஆளிருக்காது.

பகிர்வதில் எங்கள் வீட்டு விதி எளியது. தங்கையின் படத்தை அவளிடம் கேட்காமல் யாரும் ஸ்டேட்டஸில் போடுவதில்லை. பாடசாலையின் பெயர், வீட்டு வாசல், இருக்கும் இடம் ஆகியவை தெரியும் படங்கள் வெளியே போவதில்லை. 'வளர்ப்பு மகள்' என்று எதன் கீழும் எழுதுவதில்லை. அவள் கதையை யாருக்குச் சொல்வது என்பதை அவளே தீர்மானிப்பாள். அல்பத்தில் உண்மையை மறைக்காமல் வைப்பது வேறு, ஊருக்கு அறிவிப்பது வேறு.

முகநூலில் வந்த அந்தப் படத்தை வாப்பா உரியவர்களோடு பேசி நீக்கவைத்தார். நீக்கமுன் தங்கை ஒரு பிரதி எடுத்து வைக்கச் சொன்னாள். எனக்கு வியப்பாக இருந்தது. அதை அச்சிட்டு, பெனரை வெட்டிவிட்டு அல்பத்தில் ஒட்டினாள். பின்புறத்தில் தன் முழுப் பெயரையும், தன்னைப் பெற்ற வாப்பாவின் பெயரையும், 'எனக்கு மூன்று வயது' என்பதையும் எழுதினாள்.

சென்ற வருடம் புத்தளத்தில் உள்ள உறவினர் ஒருவரிடமிருந்து ஒரு கல்யாணப் படம் கிடைத்தது. கூட்டத்தின் நடுவே ஒரு பெண் கைக்குழந்தையோடு பாதி மறைந்து நிற்கிறார். ஸ்டூடியோக்காரர் குழந்தையை மட்டும் பெரிதாக்கித் தரலாம் என்றார். உம்மா வேண்டாம் என்றார். "பெத்தவ கையில இருந்து பிள்ளைய வெட்டி எடுக்கிறதா? இருக்கிறபடியே அடிச்சுத் தாங்க" என்றார்.

அந்தப் படம் இப்போது எங்கள் அல்பத்தில் என் குழந்தைப் படத்துக்கும் நானாவின் குழந்தைப் படத்துக்கும் பக்கத்தில் இருக்கிறது. தங்கை அதைப் பார்க்கும்போதெல்லாம் அவளைப் பெற்றவர்களுக்காக உம்மா துஆ கேட்கிறார். நாங்களும் ஆமீன் சொல்கிறோம்.